கூரையின் ஓரம்

சாகணில் புதிதாக ஷெட் போட நினைப்பவர் என்னிடம் முதலில் கேட்பது ஷீட் என்ன கனம், என்ன கலர், சதுர அடி என்ன ரேட் என்பதைத்தான். ஓரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கொட்டேஷனின் அடியில் ஃப்ளாஷிங், கட்டர், ட்ரிம் என்று ஒரே ஒரு வரி இருக்கும். பேரம் பேசும்போது முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான். போசரி, சாகண், ராஞ்சண்காவ், தளேகாவ் என்று புனேயைச் சுற்றி இத்தனை காலம் கூரை மேல் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஷீட்டின் நடுவில் கோளாறு என்று என்னைக் கூப்பிட்டவர்கள் மிகச் சிலர். தண்ணீர் இறங்கியதும் காற்று பிடுங்கியதும் பெரும்பாலும் ஓரத்தில்தான். ஷீட் முடிகிற ஈவ்ஸ், பக்கவாட்டு கேபிள், முகடு, மழைநீர் ஓடும் கட்டர், சுவரோடு ஷீட் சேரும் இடம் இவைதான் என் வேலையின் பெரும்பகுதி.

தேஹு ரோடிலும் கட்கியிலும் ராணுவக் கிடங்குகளை ஒட்டித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆட்களிடம் மராத்தியில் வேலை வாங்குவார், என்னிடம் ஊர்த் தமிழில் பேசுவார். போசரியின் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு அப்போது சிமெண்ட் ஷீட்தான் கூரை. ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1900 வாக்கில் சிமெண்டையும் அஸ்பெஸ்டாஸ் நாரையும் கலந்து தகடாக்கிய கண்டுபிடிப்பு, நூறு வருடம் கழித்தும் இந்தியப் பட்டறைகளின் தலைக்கு மேல் இருந்தது. அதை ரம்பத்தால் அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஷீட்டை நான் இப்போது தொடுவது கழற்றி இறக்குவதற்கு மட்டும்தான். அதுவும் நனைத்து, உடைக்காமல், முகமூடியோடு.

ஆனால் சிமெண்ட் ஷீட் ஒரு நல்ல வாத்தியார். புனேயில் பருவமழைக் காற்று மேற்கிலிருந்து வரும். ஆகவே கிழக்குக் கோடியிலிருந்துதான் ஷீட் பரப்பத் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மேல்பொருத்தின் வாயும் காற்றுக்கு முதுகு காட்டும். நான்கு ஷீட் சந்திக்கும் மூலையில் இரண்டின் முனையைச் சாய்வாக வெட்டாவிட்டால் அங்கே ஷீட் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்தச் சந்தில் சாரல் புகும். ஜே போல்ட்டை ஷீட்டின் மேட்டில் மட்டுமே போட வேண்டும், பள்ளத்தில் போடக்கூடாது. அடியில் தார் வாஷர், மேலே ஜி.ஐ. வாஷர். நான் எங்காவது நடுவில் நின்று ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அண்ணாச்சி கூப்பிடுவார்: "ஏல, நடுவுல என்னத்தப் பாக்க? ஓரத்துக்கு வா."

மாவள் பக்கத்துக் கிராமங்களில் தகரக் கூரை போட்ட வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். தகரத்தின் மேல் கல் வைத்திருப்பார்கள், பழைய டயர் போட்டிருப்பார்கள். நடுவில் வைப்பதில்லை, ஓரத்தை ஒட்டி வரிசையாக வைப்பார்கள். கூரையைக் காற்று எங்கே பிடிக்கும் என்பதை எந்தக் கோட்புத்தகமும் படிக்காமல் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கோட்புத்தகமும் அதையே சொல்கிறது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். அதில் புனேக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். மும்பைக்கு 44, சென்னைக்கு 50. நொடிக்கு 39 மீட்டர் என்பது மணிக்கு 140 கிலோமீட்டர். கட்டட உயரம், சுற்றியுள்ள நிலம் போன்ற திருத்தங்களை விட்டுவிட்டு நேராகக் கணக்குப் போட்டால் அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 93 கிலோ அளவுக்கு வரும். தாழ்வான கட்டடத்தின் தட்டைக் கூரையில் காற்று வரும் பக்கப் பாதிக்கு உறிஞ்சு குணகம் 0.8. அதே கூரையின் ஓரப் பட்டைக்கு 2.0. அதாவது நடுவில் சதுர மீட்டருக்கு 75 கிலோ மேலே இழுக்கிறது என்றால் ஓரத்தில் 180 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அரை மில்லிமீட்டர் எஃகு ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட முழுதாக வராது. ஷீட் தன் எடையால் கூரை மேல் நிற்பதில்லை, அதைப் பிடித்திருப்பது ஸ்க்ரூ. சரக்கு இறக்குவதற்காக ஷட்டரைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். பெரிய திறப்புள்ள கட்டடத்துக்கு அதற்காக இன்னும் 0.7 வரை சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது தரநிலை.

அந்த ஓரப் பட்டை எவ்வளவு அகலம் என்பதற்கும் விதி உண்டு: கட்டட அகலத்தில் 15 சதவீதம் அல்லது உயரம், எது குறைவோ அது. 30 மீட்டர் அகல ஷெட்டுக்கு நான்கரை மீட்டர். அந்த நான்கரை மீட்டருக்குள் ஷீட்டைத் தாங்கும் பர்லின் நெருக்கமாக வர வேண்டும், ஸ்க்ரூவும் நெருக்கமாக வர வேண்டும். வரைபடத்தில் இது இருக்கும். மேலே வேலை நடக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கீழே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இங்கே காற்று பருவமழையோடு மட்டும் வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் வரை வெயில் கொளுத்திவிட்டு மாலையில் புழுதியோடு ஒரு மழை வரும். புனேக்காரர்கள் அதை வளீவ் என்பார்கள். கால் மணி நேரம்தான் வீசும், ஆனால் கூரைக்காரனுக்கு வருடத்தின் மிகக் கடுமையான கால் மணி நேரம் அது. 2020 ஜூன் 3 அன்று அலிபாக் அருகே கரையேறிய நிசர்கா புயல் மலையைத் தாண்டி மாவள், முள்ஷி, கேட், ஜுன்னர் பக்கமெல்லாம் வீசியபோது ஷீட் பறந்த இடங்களுக்கு அடுத்த சில வாரங்கள் போய்க்கொண்டே இருந்தேன்.

அப்படிப் போன ஒரு கிடங்கை விவரமாகச் சொல்ல வேண்டும். நல்ல ஷீட், நல்ல ஸ்க்ரூ. மேற்குப் பக்கம் ஈவ்ஸ் ஓரமாக இரண்டு பே அளவுக்கு வெறும் பர்லின்தான் நின்றது. ஷீட் எல்லாம் பின்பக்க வயலில் கிடந்தது. கிழிந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது தொடங்கிய இடம் தெரிந்தது. ஈவ்ஸ் ஓரத்தை மூடும் தகடான ட்ரிம்மின் மேல் விளிம்பை ஷீட்டில் ரிவெட் அடித்திருந்தார்கள். கீழ் விளிம்பு எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கியிருக்கிறது. காற்று அதை முதலில் படபடவென்று அடித்திருக்கிறது, பிறகு வளைத்திருக்கிறது, பிறகு மேலே புரட்டியிருக்கிறது. புரண்ட ட்ரிம் முதல் வரிசை ஷீட்டுக்கு அடியில் காற்றை விட்டதும் வாஷரோடு ஸ்க்ரூத் தலை ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஸ்க்ரூக்கள் பர்லினில் நேராக நின்றுகொண்டிருந்தன. ஒரு ரன்னிங் மீட்டருக்கு இன்னொரு சிறு துண்டு தகடு போட்டிருந்தால் அந்தக் கூரை இருந்திருக்கும்.

அந்தத் துண்டுதான் கிளீட். சுவரின் ஓரத்தில் முதலில் கிளீட்டைத் தொடர்ச்சியாக அடித்துக்கொண்டு போக வேண்டும். ட்ரிம்மின் கீழ் விளிம்பை உள்பக்கமாக மடித்து அதில் கொக்கி மாட்டி, பிறகுதான் மேல் விளிம்பைப் பிணைக்க வேண்டும். மடித்த விளிம்பு கொஞ்சம் வெளியே சாய்ந்து நின்றால் தண்ணீரும் சுவரைத் தொடாமல் சொட்டிவிடும். காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒரே மடிப்பு பதில் சொல்கிறது. இதைவிட அழகான வேலை கூரையில் இல்லை என்பது என் எண்ணம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான எஃப்.எம்., காற்றால் சேதமான 145 கூரைகளை ஆராய்ந்தபோது 85 இடங்களில் ஓரம் பெயர்ந்ததே காரணமாக இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் ஓரத்துக்கென்றே தனியாக ஒரு சோதனை முறை வேண்டும் என்ற பேச்சு. 1998 இல் அங்கே இ.எஸ்.-1 என்ற தரநிலை வந்தது. ஓரத் தகட்டை வெளிப்பக்கமாக இழுத்துப் பார்ப்பார்கள், கைப்பிடிச் சுவரின் கோப்பிங்கை மேலாகவும் வெளியாகவும் இழுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு தாங்கியது என்ற எண்ணோடுதான் அது விற்பனைக்கு வரும். இங்கே ஷீட்டுக்கு டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் கேட்கும் கன்சல்டன்ட்கூட ட்ரிம்முக்குக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கூரைக் கண்டுபிடிப்பு என்றால் எல்லோருக்கும் ஷீட்தான் ஞாபகம் வரும். லண்டன் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829 இல் இரும்புத் தகட்டை நெளித்தார். நெளித்ததாலேயே மெல்லிய தகடு நீண்ட தூரம் தாங்கியது. பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரேல் 1837 இல் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1972 இல் பெத்லஹேம் ஸ்டீல் 55 சதவீதம் அலுமினியமும் மிச்சத்தில் துத்தநாகமும் கொஞ்சம் சிலிக்கானும் சேர்த்துப் பூசிய கால்வல்யூமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 இல் கூட்டுச் சேர்ந்த டாடா ப்ளூஸ்கோப் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு இந்த வகை ஷீட்டை நாடு முழுக்க விற்கிறது. இவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் என் தொழிலை மாற்றியவை சிறிய விஷயங்கள்.

1960களில் வந்த செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேச்சில் எஸ்.டி.எஸ். நுனியே டிரில் பிட், உடம்பே திருகு, தலைக்கடியில் ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர். ஓட்டை போட ஒரு ஆள், அடியிலிருந்து போல்ட் கொடுக்க ஒரு ஆள் என்ற காலம் அதோடு போயிற்று. ஆனால் அந்த ரப்பருக்கு அளவு தெரிய வேண்டும். ஸ்க்ரூ இறங்கி, ரப்பர் இரும்புத் தொப்பியின் விளிம்பு வரை சமமாகப் பிதுங்கி நின்றால் சரி. அதற்கு மேல் ஒரு சுற்று ஓட்டினால் ரப்பர் வெளியே வழிந்து கிழியும், ஷீட் குழியும், குழியில் தண்ணீர் நிற்கும். குறைவாக ஓட்டினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். நல்ல ஃபிட்டர் மெஷினின் சத்தம் மாறும்போதே விரலை எடுத்துவிடுவான். எங்கள் கேங்கில் லாத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். நாள் முழுக்க அவன் போட்ட வரிசையில் ஒரு வாஷர் கோணியிருக்காது. ஓரத்து வரிசைகளை நான் அவனிடம்தான் கொடுப்பேன். "அண்ணா, எனக்கு மட்டும் ஏன் எப்பவும் ஓரம்?" என்று கேட்டான். காரணத்தைச் சொன்னேன். இப்போது மற்றவர்களை அவன் ஓரத்தில் விடுவதில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு ஸ்க்ரூவே வெளியே தெரியாத கூரை. அமெரிக்காவின் பட்லர் கம்பெனி 1969 இல் கொண்டுவந்த எம்.ஆர்.-24 அந்த வகையில் பேர் பெற்றது. பக்கத்துப் பக்கத்து ஷீட்டின் விளிம்புகளைச் சேர்த்து மெஷினால் மடித்துத் தைத்துவிடுவார்கள். ஷீட்டைப் பர்லினோடு பிடிப்பது மடிப்புக்குள் மறைந்திருக்கும் கிளிப். அந்தக் கிளிப் ஷீட்டை மேலே போக விடாது, ஆனால் முன்னும் பின்னும் நகர விடும். நகர விடுவதுதான் அதன் சூட்சுமம். ஏப்ரலில் புனே இரவு 20 டிகிரிக்கு இறங்கும், மதியம் ஷீட் 65 டிகிரி தாண்டிச் சுடும். 60 மீட்டர் நீளமுள்ள எஃகு ஷீட் அந்த வித்தியாசத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். ராஞ்சண்காவில் ஒரு கூரையில் கேபிள் ட்ரிம்மை ஷீட்டோடும் சுவரோடும் சேர்த்து ரிவெட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ரிவெட் துளைகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு காடியாகியிருந்தன. நடுவில் கிளிப் அற்புதமாக வேலை செய்திருக்கிறது, ஓரத்தில் அதைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

தண்ணீரின் குணம் வேறு. அது பிடுங்காது, தேடும். குறைந்த சரிவுக் கூரையில் ஷீட்டின் கீழ் முனையிலிருந்து விழ வேண்டிய தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாகவே திரும்பி ஊர்ந்து வரும், பர்லினில் ஏறி உள்ளே சொட்டும். கட்டரில் ஓட்டை என்று நினைத்து சிலிகானாகப் பூசிக்கொண்டிருப்பார்கள். இதற்கு மருந்து ஷீட்டின் பள்ளத்து நுனியைச் சற்றுக் கீழே வளைத்துவிடுவது. வாய் பிளந்த ஒரு தட்டை இரும்புக் கருவி இருக்கிறது, அதை நுனியில் செருகி ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். அதே கருவியால் முகட்டுப் பக்க நுனியை மேலே வளைத்துவிட்டால் காற்று ரிட்ஜ் கேப்புக்குள் ஓட்டிக்கொண்டு வரும் மழைக்கும் அணை ஆயிற்று. ஷீட் கட்டருக்குள் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டியிருக்க வேண்டும். ஒரு பள்ளத்துக்கு அரை நிமிட வேலை. இதை விட்டுவிட்டுப் போகும் கேங்குகள்தான் அதிகம் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கட்டர் கணக்கும் பலருக்குப் பிடிபடுவதில்லை. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் ஆயிரம் சதுர மீட்டர் கூரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு லட்சம் லிட்டர், நொடிக்கு 28 லிட்டர் கட்டருக்கு வரும். புனேயின் வருட மழை குறைவு, லோணாவளாவுக்கு அதைப்போலப் பல மடங்கு என்று சொல்லிச் சின்னக் கட்டர் போதும் என்பார்கள். கட்டருக்கு வருட மழை முக்கியமில்லை, அந்தப் பத்து நிமிட மழைதான் முக்கியம். 2019 செப்டம்பர் 25 இரவு ஆம்பில் ஓடை பெருகி காத்ரஜ் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த மழையை நினைவு வைத்திருப்பவர்களிடம் நான் இதற்கு மேல் வாதாடுவதில்லை. வெளி ஓரக் கட்டரில் வெளிச்சுவர் உள்சுவரைவிடத் தாழ்ந்திருந்தால், அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வெளியே விழும். இரண்டு ஷெட்டுக்கு நடுவில் ஓடும் வேலி (valley) கட்டருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நிரம்பினால் மெஷின் மேல்தான் கொட்டும். அதற்கு இரு கோடியிலும் ஓவர்ஃப்ளோ வாய் வைக்காமல் நான் பில் போடுவதில்லை.

துருவைப் பற்றி ஒன்று. கலர் ஷீட்டைக் கிரைண்டரால் வெட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். தீப்பொறியாகப் பறக்கும் இரும்புத் துகள் பக்கத்து ஷீட்டின் பெயிண்டில் சுட்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு பனி விழுந்தால் மறுநாள் காலை புதுக் கூரை முழுக்கப் பழுப்புப் புள்ளி. வெட்டிய விளிம்பிலும் பூச்சு எரிந்துபோய்விடும். நிப்ளராலோ கத்திரியாலோ வெட்டினால் விளிம்பில் தெரியும் எஃகைப் பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றும். ஸ்க்ரூ ஓட்டும்போது விழும் சுருளையும் அன்றன்று மாலையே கூட்டி இறக்க வேண்டும். ஏ.சி. மெஷினின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கால்வல்யூம் மேல் விடவே கூடாது.

கான்கிரீட் தளத்திலும் கதை இதேதான். நம் ஊரில் மெட்ராஸ் டெரஸ், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த மொட்டை மாடி. புனேயிலும் மும்பையிலும் பிரிக்பேட் கோபா, உடைத்த செங்கலைச் சரிவாகப் பரப்பிச் சிமெண்டில் நிரப்புவது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை உருட்டிப் பூசுவதை இங்கே வாட்டா என்பார்கள். அந்த வாட்டா விண்டால் கோபா முழுக்கத் தண்ணீர் குடித்து, மழை நின்று பல வாரம் கழித்தும் சீலிங்கில் கசியும். கைப்பிடிச் சுவரின் தலைக்கு உள்பக்கச் சரிவு, கோப்பிங்கின் அடியில் ஒரு காடி. இந்த இரண்டும் இல்லாத கட்டடத்தில் எந்த மெம்ப்ரேனை விரித்தும் பயனில்லை.

இப்போது எல்லோரும் கூரையில் சோலார் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பேனலுக்காக ஷீட்டில் நூற்றுக்கணக்கில் ஓட்டை போடுவார்கள், பேனலைச் சரியாகக் கூரையின் விளிம்பு வரை கொண்டுபோய் வைப்பார்கள். மடிப்புத் தையல் கூரைக்கு ஓட்டையே வேண்டாம். மடிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறது. அமெரிக்காவில் கூரைக் கான்ட்ராக்டராக இருந்த ராப் ஹாடக் கண்டுபிடித்தது. மேலே நின்று வேலை செய்தவன் கையிலிருந்து வந்த பொருள் என்பது அதைத் தொட்டாலே தெரியும். திருகின் நுனி உருண்டையாக இருக்கும், மடிப்பை அழுத்துமே தவிரத் துளைக்காது. எந்த வகைக் கூரையானாலும் ஓரப் பட்டைக்குள் பேனல் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் கைவிட்டுப்போன வேலைகளும் உண்டு.

கூரை மேல் ஏறுகிறவனுக்கும் ஆபத்து ஓரத்தில்தான், அதோடு வெளிச்சத்துக்குப் போடும் ஃபைபர் ஷீட்டில். அழுக்குப் படிந்த ஃபைபர் ஷீட் மற்ற ஷீட்டைப் போலவே தெரியும், கால் வைத்தால் போச்சு. அதன் அடியில் கம்பி வலை இல்லாமல் நான் போடுவதில்லை. ஓரத்துக்கு லைஃப்லைன் கட்டுகிறோம், பெல்ட் மாட்டுகிறோம். ஆனால் கட்டரைச் சுத்தம் செய்ய ஜூன் தொடக்கத்தில் அவசரமாக ஏற்றிவிடப்படும் மெயின்டனன்ஸ் பையனிடம் பெல்ட் இருக்காது, மாட்ட இடமும் இருக்காது. இதற்காக போசரியில் ஒரு ஃபேப்ரிகேட்டரிடம் சொல்லி கட்டர் பிராக்கெட்டோடு சேர்ந்த குழாய் சாக்கெட் செய்து வாங்குகிறேன். ஈவ்ஸ் பர்லினில் போல்ட் ஆகிவிடும், கட்டரும் அதில் உட்காரும், தேவைப்படும்போது கைப்பிடிக் கம்பியைச் செருகி நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பிராக்கெட்டுக்கு ஆகும் கூடுதல் செலவைச் சில முதலாளிகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். கேபிள் பக்கத்துக்கு இன்னும் சரியாக அமையவில்லை. அங்கே ஷீட் நகர வேண்டும், சாக்கெட் நகரக்கூடாது. காடி வெட்டிய பேஸ் பிளேட் ஒன்றை இப்போது தளேகாவில் ஒரு ஷெட்டில் பொருத்திவைத்திருக்கிறோம். இந்த வெயிலும் அடுத்த மழையும் போன பிறகு கழற்றிப் பார்க்க வேண்டும்.